கிப்செலியில் ஒரு கதிரை

1

நான் ஏதென்ஸுக்குப் போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதை மெல்பனில், ஓக்லியின் கிரேக்கக் கடைத்தெருவில், எனக்குப் பக்கத்து மேசையில் நடந்தது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பங்கு அவ்வளவுதான். (காதுக்கு எட்டாததை நானாகச் சேர்த்தேன்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தேன்கூடு என்று பொருள்படும் பெயருடைய கிப்செலி, ஏதென்ஸ் நகரின் நடுவிலிருந்து சற்றே வடக்கே…’ சுற்றுலாக் கையேடு மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன். யோகராணியிடமிருந்து தொடங்குவதுதான் சரி.

2

யோகராணிக்குக் கிப்செலி என்ற அந்த ஏதென்ஸ் பேட்டையின் மேல் பொறாமை. கலியாணம் முடித்த நாளிலிருந்து.

கணவர் சிறிதரன் ஆஸ்திரேலியா வருவதற்கு முன் மூன்று வருடம் கிப்செலியில் இருந்தவர். இப்போது மெல்பனின் டண்டினொங்கில் தொழிற்சாலை வேலை. வீட்டில் பேச்சுக் குறைவு. ஆனால் கிப்செலி என்றால் மனிதர் கனிந்துவிடுவார். அங்கே ஓர் ஓடையை மூடி, அதன்மேல் நீளமாக ஒரு தெரு போட்டிருக்கிறார்களாம். அதன் பெயர் ஃபோகியோனோஸ் நெக்ரி. இருபுறமும் மரங்கள், மரத்தடியில் கஃபேக்கள். 1930களில் வசதியானவர்கள் கட்டிய அடுக்குமாடிகள், கப்பலின் முகப்பைப்போல வளைந்த மூலைகள். மாலையில் நாடக நடிகர்கள் கோப்பி குடிக்க வருவார்கள். பிறகு பணக்காரர்கள் புறநகர்களுக்குப் போய்விட, நிலவறை வீடுகளில் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் குடியேறினார்கள்.

ஞாயிறு பிற்பகல்களில் ஓக்லிக் கஃபேயில் உட்கார்ந்து அவர் இதைச் சொல்லச் சொல்ல, யோகராணிக்குக் கண் சொருகும். மேசைக்குக் கீழே தண்ணீர் ஓடுவதுபோலக் கேட்கும். மரங்களுக்கு நடுவே யாரோ நடந்து வருவார்கள். எப்போதும் ஒரு பெண்தான்.

ஆம், அங்கே ஒருத்தி இருந்திருக்கிறாள். (இது யோகராணியின் முடிவு, என்னுடையதல்ல.) இல்லாவிட்டால் ஓர் ஊரை நினைத்து இந்த மனிதர் இப்படிச் சிரிப்பாரா? அவள் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

3

அன்றைக்குத் தெருவின் பெயர் காதில் விழுந்ததும், அடுத்த மேசையிலிருந்த கிரேக்கப் பெண் திரும்பினாள். டெஸ்பினா. ஐம்பது வயதிருக்கும். கிப்செலியில் பிறந்தவள்; கிரேக்கப் பொருளாதாரம் சரிந்தபோது பிழைப்புத் தேடி மெல்பன் வந்தவள். [முதல் வரைவில் அவளுக்கும் சிறிதரனுக்கும் ஒரே கட்டடம் கொடுத்திருந்தேன். அவ்வளவு அதிர்ஷ்டம் யாருக்கும் வாய்க்காது. இப்போது இரண்டு தெரு தள்ளி.]

இருவரும் கிரேக்கத்தில் படபடவென்று பேசினார்கள். பிறகு யோகராணிக்காக டெஸ்பினா ஆங்கிலத்துக்கு மாறினாள். “எங்கள் வீடு நாலாம் மாடி. நீங்கள் எந்தக் கஃபேயில் வழக்கமாக உட்காருவீர்கள்?”

சிறிதரன் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். பதிலை மனைவியிடம் தமிழில் சொன்னார்.

“ஒண்டிலயும் இல்லை.”

“என்னப்பா சொல்லுறியள்?”

“விசா இல்லை, ராணி. பகலிலை வெளிக்கிட்டா பொலிஸ் மறிப்பான். நிலவறையிலை, றோட்டு மட்டத்துக்கு ஒரு சின்ன யன்னல். மேலை கஃபேயிலை கோப்பையள் வைக்கிற சத்தம் கேக்கும். ஆக்கள் சிரிக்கிறது கேக்கும். கேட்டுக் கேட்டுத்தான் பாஷை பிடிச்சனான்.”

“அப்ப அந்த மரங்கள்? நடிகர்மார்?”

“பேக்கரி வேலைக்கு விடியமுன்னம் போகேக்கை மரங்களைப் பாத்திருக்கிறன். மிச்சமெல்லாம் மேலை இருந்த ஆக்கள் கதைச்சது.”

யோகராணி அதை டெஸ்பினாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

“எங்கள் கட்டடத்திலும் கீழே ஆட்கள் இருப்பது எங்களுக்குத் தெரியும்,” என்றாள் டெஸ்பினா. “குனிந்து பார்க்காதே என்று அம்மா சொல்லுவாள். நான் பார்க்கவில்லை.”

4

இந்த இடத்தில் யோகராணியை அழவைத்து ஒரு பந்தி எழுதினேன். அவள் அழவில்லை. வெட்டிவிட்டேன்.

இத்தனை வருடமும் ஒரு பூட்டிய அறையின்மேல் பொறாமைப்பட்டிருக்கிறோம் என்று அவளுக்கு விளங்கியது. ஒருத்தி இருந்திருக்கலாமே என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். இருந்திருந்தால் இந்த மனிசனுக்குக் கதைக்க ஓர் ஆளாவது கிடைத்திருக்கும்.

“போவம்,” என்றாள்.

“எங்கை?”

“அங்கைதான். பகலிலை போய், ஒரு கதிரையிலை இருந்து கோப்பி குடிப்பம்.”

“பொலிஸ் பேப்பர் கேட்டா?”

எத்தனையோ வருடமாக ஆஸ்திரேலியக் குடிமகன். வாய்விட்டுக் கேட்டபிறகுதான் அவருக்கே உறைத்தது. காது சிவந்துவிட்டது. யோகராணி சிரிக்கவில்லை.

“கேட்டா நான் காட்டுறன்.”

5

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் அவர்கள் மரத்தடியில் இருக்கிறார்கள், இலைகளுக்கு நடுவே வெயில் மேசைமேல்… அந்த வெயிலை நான் பார்த்ததில்லை. அழித்தேன். மற்றதில் சிறிதரன் மெல்பன் விமான நிலையம்வரை வந்து, வயிற்றுவலி என்று திரும்பிவிடுகிறார். அதை எழுத மனம் வரவில்லை.

ஆகவே அவர்களை ஏதென்ஸ் விமான நிலையத்தின் குடிவரவு வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். முற்பகல். கண்ணாடிச் சுவர்களுக்கு வெளியே வெளிச்சம். இரண்டு கடவுச்சீட்டுகளும் யோகராணியின் கையில். முன்னால் நின்றவர் நகர்ந்துவிட்டார்; அவள் அவற்றைச் சாளரத்துக்குள் நீட்டுகிறாள்.

சாளரத்துக்கு அந்தப்பக்கம் இருப்பவர் நீங்கள்.

சிறிதரன் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, முத்திரை பிடித்த கையைப் பார்க்கிறார். அவருக்குக் கிரேக்கம் விளங்கும். ஏதாவது சொல்லுங்கள்.