அறுபது தப்படி தூரம்

அவளை எல்லாரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவள் பிழைப்பே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். கடவுளுக்கு இப்படியும் ஒரு விளையாட்டு. காட்டைப் பார்க்க வருகிறவர்களை விடியற்காலையில் கூட்டிப்போய், பச்சைத் துணி போர்த்திய மறைப்புக்குள் உட்காரவைத்து, தும்மல் வந்தால்கூட விழுங்கச் சொல்லிப் பறவை காட்டுவாள்.

அன்றைக்கு மறைப்புக்குள் மூன்று பேர். வாயாடி, சுற்றுலா கம்பெனியின் மேலாளர் அம்மா, அவரோடு வந்த கேமராக்காரர். ஆறு மணிக்கு உட்கார்ந்தவர்கள். மணி ஒன்பதாகிவிட்டது. எதிரே நெட்டை மரம், அதன் நடுவில் ஒரு பொந்து. பொந்துக்குள் பெண் இருவாச்சிப் பறவை இருந்தது. முட்டையிட உள்ளே போனதும் அது சேற்றையும் எச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டுகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். தாய்க்கும் குஞ்சுக்கும் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டியது ஆண் பறவை. அது வராவிட்டால் உள்ளே பட்டினி, வேறு நாதி கிடையாது.

அது வரவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?" மேலாளர் அம்மா காதோரம் கேட்டார்.

"வந்துரும் மேடம்" என்றாள் வாயாடி.

ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். மறைப்பு எப்போதும் மரத்திலிருந்து அறுபது தப்படி தள்ளித்தான் இருக்கும். அதை நகர்த்தவே வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு ஐந்து தப்படி, அதற்கு மேல் கூடாது. பறவை தயங்கினால் உடனே பின்னுக்கு இழுக்க வேண்டும். இந்த விதியைப் புதிதாக வந்த வழிகாட்டிகளுக்கு வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். ஆனால் கம்பெனிக்கு மரப் பொந்திலிருந்து அலகு தெரிகிற படம் வேண்டுமாம், விளம்பரத்தின் முதல் பக்கத்துக்கு. அடுத்த வாரம் வருகிறோம் என்றவர்கள், நாளைக்கே வருகிறோம் என்று முந்தின நாள் மதியம் போன் செய்தார்கள். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். அவள் ஆசை விதியும் அறியவில்லை. ஒரே சாயங்காலத்தில் முப்பத்தைந்து தப்படி முன்னால் இழுத்து நட்டுவிட்டாள்.

அவள் புருஷன் அப்போதே சொன்னான். அவன் இந்தக் காட்டின் ஐந்து காவல்காரர்களில் ஒருவன்.

"வேணாம் வாயாடி. சுவர் இருந்தாத்தான் சித்திரம்."

"சித்திரம் வித்தாத்தான்யா உன் சுவருக்குச் சுண்ணாம்பு!" என்று அவன் வாயை அடைத்தாள்.

அவள் சொன்னதிலும் பொய் இல்லை. காட்டைப் பாதுகாக்கப்பட்ட இடம் என்று அறிவித்தபோது அரசு கொடுத்தது ஒரு பெயர்ப்பலகை. ஐந்து காவல்காரர்களின் சம்பளத்தைக் கொடுத்தது சுற்றுலாதான். பழைய கம்பெனி கைகழுவிவிட்டது. இந்த அம்மா மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டால் காவல் நிலைக்கும். போடாவிட்டால் மாதக் கடைசியோடு ஐவரும் வீட்டுக்கு. அப்புறம் மரம் அறுக்கிற மெஷின் சத்தம் திரும்ப வரும். ஒரு காலத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு, தூங்கி எழுந்தவள் அவள்.

திடீரென்று கேமராக்காரர் அவள் தோளைத் தட்டினார். தூரத்து மரத்தில் ஆண் பறவை. தொண்டை புடைத்திருந்தது, நிறையப் பழம். கேமரா சத்தமில்லாமல் திரும்பியது. பொந்தின் கீறலில் பெண்ணின் அலகு நுனி நீண்டது, திறந்தது, காத்திருந்தது.

ஆண் பறவை தலையைச் சாய்த்து மறைப்பைப் பார்த்தது. ஒரு கிளை முன்னால் தாவியது. மறுபடி பார்த்தது. 'வாடா என் ராசா, வந்து கொடுத்துட்டுப் போ' என்று வாயாடி மனசுக்குள் கெஞ்சினாள். அது திரும்பிப் பறந்துபோயிற்று.

கீறலில் அலகு மட்டும் திறந்தபடி இருந்தது. வெகுநேரம் கழித்து உள்ளே போனது.

"இலை மறைக்குது. இன்னும் பத்தடி முன்னால போனா நல்லா விழும்" என்றார் கேமராக்காரர்.

வாயாடி மரத்தடியைப் பார்த்தாள். பறவை ஊட்டினால் கீழே கொட்டை சிதறும். கிடந்த கொட்டைகள் எல்லாம் காய்ந்தவை. அப்படியானால் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து உள்ளே ஒரு வாய்கூடப் போகவில்லை.

அவள் எழுந்து நின்றாள்.

"எல்லாரும் வெளிய வாங்க மேடம். மறைப்பு இங்க இருக்கக் கூடாது. நான்தான் நகர்த்தினேன். அதான் அது வர மாட்டேங்குது."

மேலாளர் அம்மாவின் முகம் இறுகியது. "தெரிஞ்சுதான் மூணு மணி நேரம் உக்கார வச்சியா?"

"ஆமா மேடம். உங்க கையெழுத்து வேணும்னு பேசாம இருந்துட்டேன். உள்ள குஞ்சு பட்டினியா கிடக்கு. இனிமே முடியாது."

அழுதுகொண்டே கழிகளைப் பிடுங்கினாள். கேமராக்காரர் முணுமுணுத்தாலும் ஒரு பக்கம் பிடித்தார். எண்ணி அறுபதாவது தப்படியில் மறைப்பை மறுபடி நட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் பொந்து ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான்.

ஜீப்பில் ஏறப்போகும்போது தலைக்கு மேலே 'வ்வூஷ், வ்வூஷ்' என்று காற்றை அறுக்கும் சத்தம். மேலாளர் அம்மா அண்ணாந்தார். இலைகளுக்கு மேலே எதுவும் தெரியவில்லை.

"அதுவா?"

"அதுதான் மேடம். இறக்கைச் சத்தம்."

சத்தம் நெட்டை மரத்துப் பக்கம் போய் அடங்கியது. அந்த அம்மா கொஞ்ச நேரம் அந்தத் திசையையே பார்த்தார்.

"நீ செஞ்சது தப்பில்லம்மா. ஆனா நான் விக்கிறது படம். அறுபது தப்படிக்கு அப்பால இருக்குறத என்னால விக்க முடியாது" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

வாயாடி மறைப்புக்குள் வந்து உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்தாள். ஒவ்வொரு பழமாக ஆண் தொண்டையிலிருந்து எடுத்து நீட்டியது, அலகு வாங்கிக்கொண்டது. சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ரோந்துக்குப் போகிற வழியில் புருஷன் குனிந்து உள்ளே வந்தான்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. பதினோரு பழம்."

"அவங்க?"

"போயிட்டாங்க." தலை நிமிரவில்லை. "நீ சொன்னத நான் கேக்கல."

அவன் பைனாகுலரை வாங்கிப் பொந்தைப் பார்த்தான். "மாசம் முடிய எத்தன நாள்?"

"பன்னெண்டு."

"குஞ்சு வெளிய வர?"

"முப்பது நாளாவது ஆகும்."

விரல் விட்டு எண்ணினான். பிறகு தடியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"அப்ப பதினெட்டு நாள் சம்பளமில்லாம சும்மா வரணும்" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குள் நடந்தான்.