மச்சினன் வயிறு

சட்டையைக் கழற்றிவிட்டுப் பாயில் மல்லாந்து படுக்கச் சொன்னதும் சுயம்புலிங்கத்துக்குக் கோபம் வந்தது. அவருக்கு எதைச் சொன்னாலும் முதலில் கோபம்தான் வரும். வெட்கம், பயம், பாசம் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்று மெதுவாக வந்து சேரும். அன்றைக்கு வெட்கமும் சீக்கிரமே வந்துவிட்டது. இடம் தக்கலையில் பத்மநாபபுரம் போகிற சாலையில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். இலை போடுகிற மேசைகளை ஓரமாக அடுக்கிவிட்டு, அதே இடத்தில் இரண்டு வரிசையாகப் பாய் விரித்திருந்தார்கள். வாத்தியார்கள், தபால்காரர், ஓய்வுபெற்ற தாசில்தார் என்று ஊரில் நாலுபேர் மதிக்கிற மனிதர்கள் வயிற்றைத் திறந்துகொண்டு பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக இருந்தார்கள்.

அவர் வயிற்றின் கதை திருவட்டாறு முழுக்கத் தெரியும். உரக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து அவர் விடுகிற ஏப்பத்துக்கு எதிர்க்கடையில் சாயா குடிக்கிறவர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "ஒண்ணும் இல்ல, நடங்க" என்று சொல்லி அனுப்பினார். இத்தனை பாடு படுகிற வயிற்றைப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொன்னதில் டாக்டர் மேலும் அவருக்குக் கோபம். பிறகுதான் மனைவி ஓமனா வாட்சப்பில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்காரர் ஒருவர், சிஜோ என்று பெயர், தாய்லாந்தில் பெரிய ஓட்டலில் வேலை பார்த்தவர், வயிற்றைத் தடவி உள்ளே இருக்கிற குடல், ஈரல், இரைப்பை எல்லாவற்றையும் இளக்கிவிடுகிற வித்தையைச் சொல்லிக்கொடுக்கிறாராம்.

"படிச்சிட்டு வந்தா உங்களுக்க வயித்த நீங்களே தடவிக்கிடலாம். மகளுக்க கல்யாணத்துக்கு வாற சம்பந்தக்காரங்களுக்க முன்ன ஏப்பம் விட்டுட்டு நிக்காண்டாம். பேரு குடுத்தாச்சு, போவணும்" என்றாள். அவள் இவ்வளவு உறுதியாகப் பேசினால் அதற்குள் வேறு ஏதோ இருக்கும் என்று இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

மண்டபத்துக்குள் நுழைந்து, கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்த முருகதாசைப் பார்த்ததும்தான் தெரிந்தது.

முருகதாஸ் ஓமனாவின் தம்பி; அவனுக்கும் அவள்தான் பேர் கொடுத்திருக்க வேண்டும். களியக்காவிளையில் வாழைக்குலை மொத்த வியாபாரம். அத்தானும் மச்சினனும் பேசிக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது. காரணத்தை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். நாஞ்சில் நாட்டில் யாரும் சிரிக்கமாட்டார்கள். முருகதாசின் புதுவீடு பால்காய்ச்சு விருந்தில், முதல் பந்தியில், அடைப்பிரதமன் பாயாசம் விளம்பி வந்த வாளி சரியாக சுயம்புலிங்கத்தின் இலை வந்ததும் காலியானது. விளம்பியவன் ஓடிப்போய் வேறு வாளி நிறைத்து வந்தான்; வந்தவன் அடுத்த இலையிலிருந்து தொடங்கினான். சுயம்புலிங்கம் காத்திருந்தார். வரிசையில் எல்லாரும் பப்படத்தையும் பழத்தையும் பிரதமனில் போட்டு நொறுக்கிக் குழைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு மூத்த மருமகன் இலை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அடுத்து ரசக்காரன் வந்து அவர் இலையில் ரசத்தை ஊற்றினான். அவ்வளவுதான். இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார். ஒரு பந்தியே உட்கார்ந்திருக்கும்போது பாதியில் எழுவது என்றால், விருந்து வைத்தவன் முகத்தில் துப்பியதற்குச் சமம். ஜெனரேட்டர் நின்றுபோய் அதோடு மல்லாடிக்கொண்டிருந்த முருகதாசுக்கு விஷயம் தெரிந்தபோது அத்தானின் கார் தெருமுனை தாண்டியிருந்தது. "ஒரு அகப்பை பாயாசத்துக்கு எந்திரிச்சிப் போனவரு" என்று அவன் யாரிடமோ சொன்னான். அந்த வாக்கியம் பஸ்ஸேறித் திருவட்டாறு வந்தது. அன்று முதல் சுயம்புலிங்கத்துக்கு ஊரில் 'பாதிப்பந்தி' என்று பட்டப்பெயர்.

இப்போது மகள் நந்தனாவுக்கு ஆவணியில் கல்யாணம். பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டியவன் தாய்மாமன். புருசனும் பெண்டாட்டியும் அவன் வீட்டுக்கு நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். தபாலில் பத்திரிகை போனால் அது அழைப்பில்லை, அவமானம். "அந்தப் படி நான் ஏறமாட்டேன்" என்று சுயம்புலிங்கம் சொல்லிவிட்டார். ஓமனா அழுது பார்த்தாள், பிறகு பேச்சை நிறுத்திப் பார்த்தாள். நந்தனா அழவில்லை. "மாமா வரல்லேண்ணா நான் மணவறையில ஏறமாட்டேன், கேட்டியளா அப்பா" என்று ஒரே தடவை சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அந்தக் குரலில் தன் குரலையே கேட்டார் சுயம்புலிங்கம். அவள் சொன்னால் செய்வாள் என்று அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து ஏப்பம் இரண்டு மடங்காயிற்று.

மச்சினனைக் கண்டதும் திரும்பிப் போயிருப்பார். ஆனால் பாதியில் எழுந்து போகிறவர் என்று ஏற்கெனவே பெயர் எடுத்தவர், இன்னொரு கூடத்திலிருந்து பாதியில் போனால் அந்தப் பட்டப்பெயர் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும். முருகதாசும் எழவில்லை. முதலில் எழுந்தவன் தோற்றவன் என்று அவனுக்கும் ஒரு கணக்கு. சிஜோ ஆட்களை வயிற்றளவு பார்த்து ஜோடி சேர்த்தார். ஒல்லி ஒல்லியோடு, தொப்பை தொப்பையோடு. கூடத்தில் ஒரே தரத்தில் இரண்டு தொப்பைகள்தான் இருந்தன.

"பேசப்பிடாது. தடவுறவங்க கேக்க வேண்டியது ரெண்டே கேள்வி. வலிக்கா? மூச்சு விடுதீங்களா? அவ்வளவுதான்" என்றார் சிஜோ. சுயம்புலிங்கத்துக்கு அது வரையில் நிம்மதி.

சிஜோ நல்ல மனிதர், வாயும் நல்ல வாய். சுவரில் மாட்டியிருந்த படத்தில் பெருங்குடலைக் காட்டினார். "வலதுபக்கம் கீழேருந்து மேல ஏறணும். நெஞ்சுக்குக் கீழ குறுக்க போவணும். பிறவு இடதுபக்கம் இறங்கணும். இந்த இடது மூலை இருக்கு பாத்தீங்களா, இது எங்க ஊரு செக்போஸ்ட். எல்லா லோடும் இங்க வந்துதான் நிக்கும். பைய அமத்தணும். மூச்சு வெளிய போவும்போதுதான் விரலு உள்ள போவணும்." வலது விலாவுக்குக் கீழே தொட்டு, "இது ஈரல். கோவமெல்லாம் இங்கதான் தங்கும்ணு எனக்குப் படிப்பிச்ச ஆளு சொல்லுவாரு" என்றார். கூடத்தில் பலர் குனிந்து தங்கள் விலாவைப் பார்த்துக்கொண்டார்கள். சுயம்புலிங்கம் கூரையைப் பார்த்தார்.

முதலில் முருகதாசின் முறை. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து சுயம்புலிங்கம் படுத்திருந்தார். மச்சினன் வெதுவெதுப்பான தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு, சாமி கும்பிடுவதுபோல ஒரு விநாடி முழந்தாளிட்டு இருந்துவிட்டுக் கையை வைத்தான். நேந்திரங்குலையைப் பூப்போல இறக்கி வைத்துப் பழகிய கை; கனமாகவும் இருந்தது, பதமாகவும் இருந்தது. தொப்புளைச் சுற்றித் தடவினான். வலப்பக்கம் ஏறினான். ஈரலுக்கு வந்து விரல்களைக் கோர்த்து அமுக்கினான்.

"வலிக்கா?" என்றான் முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு.

உயிர் போனது. "இல்ல" என்றார் சுயம்புலிங்கம்.

இல்லை என்றால் இன்னும் கொஞ்சம் அழுத்தலாம் என்பது பாடம். அழுத்தினான்.

"வலிக்கா?"

"இல்லேங்குதேன்லா."

கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. விட்டுக்கொடுக்கவில்லை. முருகதாஸ் ஈரலை விட்டுக் குறுக்கே போனான், இடப்பக்கம் இறங்கினான். செக்போஸ்டில் விரல் பட்டதும் உள்ளே ஏதோ உருண்டது. பல மாதம் அடைபட்டுக் கிடந்த லாரியெல்லாம் ஒன்றாக ஸ்டார்ட் ஆனதுபோல ஒரு சத்தம் கேட்டது. சுயம்புலிங்கத்துக்கு வரப்போவது தெரிந்துவிட்டது. பல்லைக் கடித்தார். தொடையை இறுக்கினார். குலதெய்வத்தை நினைத்தார். மச்சினன் ஒன்றும் அறியாமல், பாடத்தில் சொன்னபடி, மூச்சு வெளியே போகும் நேரம் பார்த்துப் பைய அமுக்கினான்.

கூடம் முழுக்கக் கேட்டது. மின்விசிறிச் சத்தத்துக்கு மேல், நீளமாக, ஏறி இறங்கிக் கேட்டது. தாசில்தார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எங்கோ ஒருவர் கிளுக்கென்று சிரிக்க, வரிசை முழுக்கத் தலைகள் திரும்பின. 'பாதிப்பந்தி' என்ற பெயர் போய் இனி என்ன பெயர் வரும் என்று சுயம்புலிங்கத்துக்கு ஒரு நொடியில் நாலைந்து பெயர் தோன்றியது. ஒன்றைவிட ஒன்று மோசம்.

"மன்னிக்கணும் சார்" என்று சத்தமாகச் சொன்னான் முருகதாஸ். "எனக்குத்தான். குனிஞ்சு அமத்தினதில போயிட்டு."

தலைகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. சிரித்தார்கள். சிஜோ கைதட்டி, "சந்தோசம்! தடவுறவருக்கே வழி தொறந்தாச்சு" என்றார். முருகதாஸ் காதுவரை சிவந்து, எண்ணெய்க் கையோடு தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குக் களியக்காவிளைச் சந்தையில் பெரிய மதிப்பு. தபால்காரர் அந்தப் பக்கத்து ஆள்தான். இன்று சாயங்காலத்துக்குள் இது சந்தைக்குப் போய்விடும். மூன்று வருடமாகச் சுயம்புலிங்கம் அத்தனை பேரிடமும் சொல்லிவந்த ஒரு வாக்கியம், 'என்னைச் சபையில் கேவலப்படுத்தினவன்' என்பது, இனி வாயில் வராது.

ஜோடி மாறச் சொன்னார்கள். முருகதாஸ் படுத்தான். சுயம்புலிங்கம் எண்ணெய் தேய்த்து, மச்சினன் வயிற்றில் கை வைத்தார். ஓமனாவைப் பெண் பார்க்கப் போன நாளில் வாசலில் டவுசரோடு நின்று இவருடைய பைக்கின் ஹாரனை அடித்து அடித்துப் பார்த்த, வயிறு ஒட்டிய பயல்தான் இது. இப்போது அந்த வயிறு பாறை மாதிரி இருந்தது. தொப்புளைச் சுற்றினாலும் கல், இடப்பக்கம் இறங்கினாலும் கல்.

"வலிக்கா?" என்றார்.

"இல்ல."

பாடத்தில் இல்லாத கேள்வி அவர் வாயிலிருந்து தானாக வந்தது. "ஏலே, என்னலே இது? தின்னுதியா இல்லியா?"

அவர் கையின் கீழ் வயிறு ஏறி இறங்கியது.

"சபிதா ஒண்ணும் பொங்கித் தரமாட்டாளா?" என்று அவன் பெண்டாட்டியை இழுத்தார்.

"அவ பொங்கத்தான் செய்யா. எனக்கு இறங்கமாட்டேங்குது." கூரையைப் பார்த்துக்கொண்டு மிக மெதுவாகச் சொன்னான். "ஆடி பொறந்ததுலேருந்து ஞாயித்துக்கிழமை தோறும் கடைக்குப் போவாம வெள்ள வேட்டி கெட்டிட்டு வீட்டுல இருக்கேன். கார் சத்தம் கேட்டா எந்திரிப்பேன். சபிதா பரிகசிக்கா. நந்தனாவுக்கு மாலயும் வளையும் எடுத்து வச்சாச்சு. எனக்க கையப் பிடிச்சு நடந்த பிள்ளயாக்கும் அது."

சுயம்புலிங்கத்தின் விரல்கள் நின்றுவிட்டன. கோபம் எங்கே என்று தேடிப் பார்த்தார். வழக்கமாக முதலில் வந்து நிற்கிற ஆள் அன்றைக்கு வரவே இல்லை. வெட்கம் மட்டும்தான் வந்தது.

"மக்கா, ஆவணியில நந்தனாவுக்குக் கல்யாணம்" என்றார். "நீ வரணும்."

முருகதாஸ் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. "என்ன அத்தான் இது? தாய்மாமன அழைக்குத லட்சணமா? வயித்துல கைய வச்சிட்டா அழைப்பாங்க?"

"பின்ன?"

"வீட்டுக்கு வாங்க. அக்காவயும் கூட்டிட்டு வாங்க. வெத்திலபாக்கு வச்சு, முறையாட்டு அழைங்க. நான் மாட்டேம்பேன். ரெண்டு தடவ மாட்டேம்பேன். நீங்க கெஞ்சணும்."

"கெஞ்சவா? நானா?"

"பின்ன நானா?"

"அங்க என்ன பேச்சு?" என்று சிஜோ முன்னாலிருந்து கேட்டார். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். பக்கத்துப் பாயிலிருந்த வாத்தியார் முறைத்தார். சுயம்புலிங்கம் குனிந்து, வலப்பக்கம் ஏறி, விலாவின் கீழே ஈரலைத் தேடி, மச்சினன் மூச்சு வெளியே போகும்வரை காத்திருந்து பையப் பைய அமுக்கினார்.

"வலிக்கா?"

"வலிக்கு" என்றான் முருகதாஸ். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நேரம் முடிந்தது, கையை எடுக்கலாம் என்று சொன்னார்கள். எல்லாரும் எழுந்து துண்டால் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு சட்டையைத் தேடினார்கள். சுயம்புலிங்கம் எழவில்லை. அவருடைய இரண்டு கைக்கும் கீழே அந்தப் பெரிய வயிறு குலுங்கிக்கொண்டே இருந்தது. சிரிக்கிறானா அழுகிறானா என்று கைக்குத் தெரியவில்லை.