ஜாக்கி ஏறியது, கார் ஏறவில்லை

மருந்துக்கடைக்காரர் தன் காரைப் பட்டறைக்குக் கொண்டுவரும் விதமே தனி. வாசலுக்கு வெளியிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவார். ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு கை கதவுச் சட்டத்திலுமாக, காய்ச்சல்கார நண்பனைக் கைத்தாங்கலாக அழைத்து வருவதுபோல அதை உள்ளே தள்ளிக்கொண்டு வருவார். பட்டறைத் தரையில் கிடக்கும் திருகு ஏதாவது டயரில் ஏறிவிடக் கூடாதாம்.

ஜப்பானில் செய்து நாற்பத்தாறு வருஷம் ஆன சின்ன கார் அது. கடுகு நிறம், இரண்டே கதவு, வட்ட விளக்குகள். பானட்டின் இரு ஓரத்திலும் நத்தைக் கொம்புபோல நீட்டிக்கொண்டு நிற்கும் கண்ணாடிகள். அதன் கையேடு முழுக்க ஜப்பானிய மொழியில் இருந்தது. அதில் ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாத அவர், அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தியிருந்தார்.

அன்று காலை அவர் சொன்ன குறை ஒன்றுதான். இடது பக்கக் கதவு ஒழுங்காகச் சாத்த மாட்டேன் என்கிறது, தூக்கித் தூக்கி அடைக்க வேண்டியிருக்கிறது. அதைச் சரிசெய்து, வருஷா வருஷம் கொடுக்கிற தகுதிச் சான்றிதழையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமை முதல் மகள் இந்தக் காரில்தான் கல்லூரிக்குப் போகப்போகிறாள். நெடுஞ்சாலையில் போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது.

“கீல் தேஞ்சிருக்கும் சார். தங்கச்சி ஒரு தட்டு தட்டினா சரியாயிடும். சாயங்காலம் வாங்க” என்றான் அண்ணன். சொல்லும்போதே மருந்துக்கடைக்காரர் கொடுத்த சாவியைக் காதுக்குள் விட்டுக் குடைந்துகொண்டிருந்தான். குடைந்து முடித்ததும் சாவியைப் பேண்ட்டில் துடைத்து ஆணியில் மாட்டினான்.

அவன் தங்கை வேறு பக்கம் பார்த்தாள். இருபது வருஷமாகப் பார்க்கிறாள், இன்னும் பழகவில்லை.

அவளை அந்த வட்டாரம் முழுக்கத் தங்கச்சி என்றுதான் கூப்பிடும். எழுபது வயதுக்காரர்களுக்கும் தங்கச்சி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தங்கச்சி. கூடப்பிறந்தவன் மட்டும் ‘ஏய்’ என்பான். பட்டறைப் பலகையில் இருந்தது அண்ணன் பெயர். ஆனால் வண்டிகள் வந்தது அவள் வெல்டிங்குக்காக. அவள் பற்றவைத்த இடத்தை விரலால் தடவி, மீன் செதில்மாதிரி வரிசையாக இருக்கிறது என்று வியந்தவர்கள் உண்டு. பலகையில் தன் பெயர் இல்லாததுபற்றி அவள் கவலைப்பட்டதில்லை. பெயர் தகட்டில் இருக்கிறது, போதும் என்று நினைத்திருந்தாள்.

அண்ணன் சாப்பிடப் போனபிறகு கதவைத் திறந்து கீலை ஆட்டிப் பார்த்தாள். துளி ஆட்டம் இல்லை. அப்படியானால் கதவு ஏன் தொங்குகிறது? கதவைச் சாத்துவதும் திறப்பதுமாகக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள். கூரை ஓரத்தில் விரல் நுழையுமளவு சந்து. கீழே சந்தே இல்லை. தொங்கியது கதவல்ல. காரே நடுவில் தொய்ந்துகொண்டிருந்தது.

இந்த மாதிரிச் சின்ன காருக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை, உள்ளே வெற்றிடமாக ஒரு தகட்டுப் பெட்டி ஓடும். இரண்டு பக்கமும் இருக்கும் அந்தப் பக்கப்பெட்டிகள்தான் அதற்கு முதுகெலும்பு. ஜாக்கியைக் கொடுப்பதும் அங்கேதான்.

அவள் ஜாக்கியை வைத்து அடித்தாள். ஜாக்கி ஏறியது. கார் ஏறவில்லை.

நமுத்துப்போன ரஸ்க்கைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். ஜாக்கியின் தலை பெட்டிக்குள் புதைந்தது. அவள் பதறி இறக்கினாள். ஓட்டை வழியாகப் பழுப்புத் தண்ணீர் ஒழுகியது, நிற்காமல், புண் உடைந்தமாதிரி. பின்னாலேயே ஒரு வாடை வந்தது. ஊறிய செருப்பும் எலி மூத்திரமும் எப்போதோ செத்த ஏதோ ஒன்றும் சேர்ந்த வாடை. அவள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, ஸ்குரூ டிரைவரை ஓட்டைக்குள் விட்டு நெம்பினாள். தகடு என்று நினைத்தது பாளம் பாளமாக உதிர்ந்தது. அது தகடே இல்லை. ஓட்டையை மெழுகி அடைக்கிற பட்டி, பட்டியின்மேல் தார், தாரின்மேல் கடுகு நிறப் பெயின்ட். உள்ளே மஞ்சள் நுரை. ஜன்னல் சந்துகளை அடைக்க டப்பாவிலிருந்து பீச்சுகிற, பீச்சியதும் பொங்கி இறுகுகிற நுரை. அது தண்ணீரைக் குடித்துப் பஞ்சாக ஊதியிருந்தது. நுரையைக் குடைந்து கரப்பான்கள் குடித்தனம் வைத்திருந்தன. வெளிச்சம் பட்டதும் நாலாபக்கமும் ஓடின. ஒன்று அவள் மணிக்கட்டில் ஏறி முழங்கை வரை வந்தது.

அவள் குழாயடிக்கு ஓடி மூன்றுமுறை சோப்புப் போட்டுக் கழுவினாள். வாடை போகவில்லை.

எந்தப் புண்ணியவான் செய்த வேலை இது என்று திட்டிக்கொண்டே திரும்பி வந்து, படுத்து, விளக்கை அடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். தாரைப் பிரஷ்ஷால் பூசவில்லை, கையால் வழித்திருந்தார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் இரண்டு கோடு, நடுவில் ஒரு இடைவெளி, அப்புறம் ஒரு கோடு.

அண்ணனின் வலதுகையில் நடுவிரல் பாதிதான். மீதியை ஒரு லாரியின் ஃபேன் பெல்ட் வாங்கிக்கொண்டு பதினைந்து வருஷம் ஆகிறது.

அவள் அப்படியே படுத்துக் கிடந்தாள். பழுப்புத் தண்ணீர் அவள் தோள்பக்கமாக ஓடி வந்ததைக்கூட உடனே கவனிக்கவில்லை.

அண்ணன் பல்லைக் குத்திக்கொண்டே திரும்பி வந்தான். தரையில் கிடந்த நுரைக் குவியலைப் பார்த்தான். முகத்தில் வெட்கம் வரும் என்று அவள் ஒரு கணம் எதிர்பார்த்தாள். வரவில்லை. சலிப்புதான் வந்தது, கறை போகாத சட்டையைப் பார்ப்பவனைப்போல. ஏழு வருஷத்துக்கு முன்னால், அவள் எட்டு மாதம் கப்பல் பட்டறை வேலைக்குப் போயிருந்தபோது மருந்துக்கடைக்காரர் துருப்பிடித்த காரோடு வந்து நின்றாராம். தனக்கு வெல்டிங் கைவராது, வந்த வேலையைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லையாம். ஏழு வருஷம் ஒன்றும் ஆகவில்லையே, அதுவே நல்ல வேலை என்பதற்கு அத்தாட்சி இல்லையா என்றும் கேட்டான். இப்போது இன்னொரு டப்பா நுரை, மேலே தார், கீலுக்குப் பின்னால் ஒரு வாஷர். கதவு சாத்திக்கொள்ளும். மற்றதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

“அந்தப் பொண்ணு ஹைவேல போகப்போறாண்ணே. பக்கத்துல ஒரு லாரி உரசினாப் போதும். அப்பளம்.”

“நீ ஒண்ணு. உன் பேரைச் சொல்லித்தான் குடுத்தேன். தங்கச்சி வந்து ராத்திரி பகலா வெல்ட் வச்சுட்டுப் போனான்னு. அப்புறம் அந்த ஆள் ஒரு கேள்வி கேக்கணுமே?”

அதை அவன் அவளுக்கு ஏதோ சீர் செய்தவன்போலச் சொன்னான். அவளுக்கு அந்தக் கரப்பான் இன்னும் தன்மேல் எங்கேயோ ஓடுவதுபோல இருந்தது. ஏழு வருஷமாக அந்த மனிதர் தெருவில் பார்க்கும்போதெல்லாம் ஏன் அப்படி மரியாதையாகத் தலையசைத்தார் என்பது இப்போது புரிந்தது.

அண்ணன் மேஜைக்குப் போய்ச் சான்றிதழ்த் தாளை எடுத்தான். முத்திரையில் ஊதி ஈரமாக்கிக் குத்தினான். கையெழுத்தும் போட்டான். கார் இன்னும் கோணாமல் இருக்க அவள் கதவு வாசலின் குறுக்கே ஒரு இரும்புக் கம்பியைப் பற்றவைத்தாள். அடியில் நான்கு கட்டைகளை முட்டுக் கொடுத்தாள். பிறகு கிரைண்டரை எடுத்து, இடது பக்கப்பெட்டியை முனையிலிருந்து முனை வரை அறுத்தாள். அண்ணன் ஓடிவந்து என்னவோ கத்தினான். கிரைண்டர் சத்தத்தில் அவன் வாய் மட்டும் மீன்போலத் திறந்து மூடியது. பெட்டி தரையில் விழுந்து பிளந்தது. இனி நுரையை அடைக்கவும் இடமில்லை, தாரைப் பூசவும் இடமில்லை.

ஐந்து மணிக்கு மருந்துக்கடைக்காரர் வந்தார். விலா எலும்பு உருவியதுபோல நின்ற காரைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். அவள் அவரைக் கூட்டிப்போய்த் தரையில் கிடந்ததைக் காட்டினாள். அவர் உட்கார்ந்து, மாத்திரை எண்ணும் சுத்தமான விரலால் நுரையைத் தொட்டார். உடனே கையை இழுத்துக்கொண்டார்.

“நீங்களும் உங்க பொண்ணும் இத்தனை வருஷமா இதும்மேலதான் உக்காந்து போனீங்க சார்” என்றாள்.

அவர் விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். “நீங்க பண்ணின வேலைன்னு சொன்னாரே.”

“நான் அப்ப இங்கயே இல்ல. கப்பல் பட்டறையில இருந்தேன்.”

அவர் அண்ணனைப் பார்த்தார். நான்தான் செய்தேன் என்ற ஒரு வார்த்தைக்காக அவளும் பார்த்தாள். அண்ணன் தலையைச் சொறிந்தான். “ரெண்டு பேருக்கும் பொதுவான பட்டறைதானே சார்” என்றான்.

மருந்துக்கடைக்காரர் முகம் சுருங்கியது. மத்தியானம் அந்த நுரையை அவள் பார்த்த அதே பார்வை. அது அண்ணனிடம் நின்றுவிட்டு அவளிடமும் வந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் எந்த வித்தியாசமும் காட்டவில்லை. தான் அங்கில்லை என்பதற்கு அவளிடம் என்ன இருக்கிறது? வார்த்தைதான். அந்தப் பட்டறையிலிருந்து வந்த வார்த்தை.

அவர் இழுவை வண்டிக்குப் போன் செய்யப்போனார். இந்த நிலையில் தூக்கினால் நடுவில் ஒடிந்துவிடும் என்றாள் அவள். அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அப்ப நாளைக்குக் கடையைச் சாத்திட்டு வர்றேன். நீங்க வெல்ட் வைக்கறதை நான் பாக்கணும். ஒவ்வொரு இடமா.”

இதுவரை யாரும் அவள் கைக்குக் காவல் உட்கார்ந்ததில்லை. உடம்பு கூசியது. “வாங்க” என்றாள்.

மூன்று நாள் அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் கொடுத்த கறுப்புக் கண்ணாடி முகமூடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். புதுத் தகட்டை மடக்கிப் பொருத்துவதையும், உள்பக்கம் துரு பிடிக்காத பூச்சு அடிப்பதையும், ஒவ்வொரு இணைப்பையும் பார்த்தார். ஆறியதும் சுத்தியலை வாங்கித் தானே தட்டிப் பார்த்தார். வலது பக்கப்பெட்டியையும் திறந்தார்கள். அங்கேயும் அதே நுரை. “இதை நீ தோண்டு” என்று அவள் அண்ணனிடம் கரண்டியைக் கொடுத்தாள். அவன் குந்தி உட்கார்ந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு, தன் வேலையைத் தானே வழித்து வாளியில் போட்டான். அவன் வாங்கிவந்து வைத்த டீ அவளுக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் நடுவில் ஆடை படிந்து ஆறியது.

கடைசி நாள் அவள் கதவை ஒரு விரலால் தள்ளினாள். அது மெல்லச் சாத்திக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் குனிந்து, புது இணைப்பின்மேல் நகத்தால் கோடு இழுத்துப் பார்த்தார். செதில்போல வரிசையாக இருந்தது. அழகாயிருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

“சான்றிதழை வேற இடத்துல காட்டி வாங்கிக்கறேன்” என்றார், கண்ணைப் பார்க்காமல்.

அண்ணன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே போனான். அவள் மேஜையிலிருந்த அந்த முத்திரை குத்திய தாளை எடுத்து நான்காகக் கிழித்து, நுரை வாளியில் போட்டாள்.

“நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணுவேன் சார். இதை வேற ஒருத்தர் தட்டிப் பாக்கட்டும்.”