இரண்டாவது கோடு

தம்பி பேசாமல் இருந்ததுதான் அக்காவுக்கு முதலில் உறைத்தது. தெருவே அவனை ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடும். ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், வேலை முடிவதற்குள் அந்த வீட்டின் மூன்று தலைமுறைக் கதையையும் கறந்துவிடுவான். அப்படிப்பட்டவன் சில நாட்களாக ஃபோனை எடுத்து “ம்”, “சரி”, “அப்புறம் பேசறேன்” என்று வைத்துக்கொண்டிருந்தான்.

அக்கா பஸ் டிரைவர். சிக்னலில் நின்றால்கூட ஸ்டியரிங்கில் தாளம் போடாமல் இருக்க அவளால் முடியாது. அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேரே அவன் வீட்டுக்குப் போய் நின்றாள்.

நட்டநடுப் பகலில் ஜன்னலையெல்லாம் போர்வையால் மூடிவிட்டுப் படுத்திருந்தான். அவள் ஒரு போர்வையை விலக்கியதும் சுருண்டு திரும்பிக்கொண்டான்.

“மூடுக்கா. வெளிச்சம் கண்ணைக் குத்துது.”

“எத்தனை நாளா இப்படி?”

“சாதாரணத் தலைவலிதான். மாத்திரை போட்டிருக்கேன்.”

கட்டிலுக்கடியில் காலி மாத்திரை அட்டைகள் குவிந்து கிடந்தன. அவள் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள். வலி மாத்திரை.

போன வருடம்தான் அவளுடைய சிறுநீரகம் ஒன்று அவன் வயிற்றுக்குக் குடிபோயிருந்தது. ‘தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு’ என்று யாராவது சொன்னால், “எங்க வீட்ல வாய் மட்டும்தான் வேற” என்பாள். புதிதாக வந்த உறுப்பை உடம்பு விரட்டிவிடக் கூடாது என்று எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் அவனுக்குத் தினமும் உண்டு. “காவல்காரனைத் தூங்க வெச்ச வீடு மாதிரி உங்க உடம்பு. சின்னத் தொந்தரவுன்னாலும் ஓடி வந்துடணும்” என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“எந்திரி” என்றாள் அக்கா. அவன் முனகியதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் கழுத்தை மெல்ல மடக்கிப் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்ததும் அவன் பல்லைக் கடித்தான்.

“ரத்தத்துல பூஞ்சை இருக்கான்னு பார்த்துடலாம்.”

“பூஞ்சையா? பழைய ரொட்டியில பூக்குமே, அதுவா?” என்றாள் அக்கா.

“அதுக்குத் தூரத்துச் சொந்தம். மண்ணுல, புறா எச்சத்துல எல்லாம் இருக்கும். நாம மூச்சுல இழுத்தாலும் பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. இவரை மாதிரி ஆளுங்கன்னா மூளை வரைக்கும் ஏறிடும். முன்னல்லாம் பெரிய லேபுக்கு அனுப்பிட்டுக் காத்துக் கிடப்போம். இப்ப இங்கேயே பார்த்துடலாம்.”

நர்ஸ் அவன் விரல் நுனியைக் குத்தி, ரத்தத் துளியைச் சின்னக் குழாயிலிருந்த திரவத்தில் கலந்து, அதில் ஒரு காகிதப் பட்டையை நிறுத்தி வைத்தாள். பத்து நிமிடம் என்றாள்.

அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள். சுவரில் கை கழுவும் முறையைப் படம் போட்டு ஒட்டியிருந்ததை வரிவிடாமல் படித்தாள். குனிந்து பட்டையைப் பார்த்தவள் கத்தியேவிட்டாள்.

“ஒரு கோடு! ஒரு கோடுதான்! ஒண்ணுமில்லடா!”

“இருங்கக்கா” என்றாள் நர்ஸ். “அது வந்தா பட்டை ஒழுங்கா வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம். இன்னொண்ணும் வந்தாதான் பூஞ்சை இருக்குன்னு அர்த்தம்.”

“ரெண்டு வந்தா ஆம்பளையா பொம்பளையான்னு சொல்லுவீங்களா?” என்றான் தம்பி, கண்ணைத் திறக்காமலே. அத்தனை நாளில் அவன் அடித்த முதல் ஜோக். நர்ஸ் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. முதல் கோட்டுக்குக் கீழே நிழல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். நிழல் கறுத்துக் கோடானது.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்து உறுதி செய்ய வேண்டும். அதை எடுத்தால் தலைக்குள் இருக்கிற அழுத்தமும் குறையும். ஆனால் பூஞ்சையைக் கொல்லும் மருந்து கடுமையானது, சிறுநீரகத்தைத் தாக்கலாம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையையும் பார்த்துக் குறைக்க வேண்டியிருக்கும்.

“அப்ப வேண்டாம்” என்றான் தம்பி.

“டேய்!”

“கிட்னிக்கு ஆபத்துன்னா வேண்டாம்க்கா. தலைவலின்னு வந்தா அது போச்சுன்னு சொல்லிடுவாங்களோன்னுதான் பயந்து கிடந்தேன். நீ உடம்பை அறுத்துக் குடுத்தது. அதை ஒழுங்கா வெச்சுக்கக்கூட எனக்குத் துப்பில்லன்னா…”

அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. “அது என்ன இரவல் நகையா, கீறல் படாம திருப்பிக் குடுக்க? அது உனக்கு உழைக்கத்தான்டா வந்துச்சு. நீ அதுக்குக் காவல் காக்கறதுக்கில்ல. கிட்னி போனா மெஷின் இருக்கு. தலை போனா எதைக் கொண்டாந்து மாட்டறது?”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு நர்ஸைப் பார்த்து, “ஊசி பெருசா இருக்குமா?” என்று கேட்டான்.

முதுகிலிருந்து எடுத்த நீரிலும் அந்தப் பூஞ்சை இருந்தது. ஆனால் தலைக்குள் அழுத்தம் குறைந்ததில், அன்று சாயந்திரமே ஜன்னல் திரையை விலக்கச் சொல்லிக் கேட்டான் தம்பி.

அடுத்து வந்த நாட்கள்தான் அக்காவை ஆட்டி வைத்தன. மருந்து ஏற ஏற, சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவும் ஏறிக்கொண்டே போனது. ஒரு தடவை நிறுத்தத்தில் ஆட்கள் கை காட்டியும் கவனிக்காமல் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்; கண்டக்டர் விசிலை ஊதித் தீர்த்துவிட்டார். டாக்டரம்மா மருந்தைக் கூட்டிக் குறைத்து, பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றிப் போராடினார். ஒருவழியாக அளவு ஏறுவது நின்றது. பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

“கொஞ்சம் அடி வாங்கியிருக்கு. ஆனா ஓடும்” என்றார் டாக்டரம்மா.

“என் பஸ்ஸும் அப்படித்தான்” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, நடைவழிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து அழுதாள்.

தம்பி வீடு திரும்பினான். பூஞ்சைக்கான மாத்திரை இன்னும் பல மாதம் பாக்கி. இப்போதெல்லாம் எதையும் மறைப்பதில்லை. தும்மினால்கூடத் தகவல் வந்துவிடும். ஒரு மதியம் டிப்போவில் டீயைக் கையில் எடுத்தபோது ஃபோன் அடித்தது.

“அக்கா, காதுக்குப் பின்னாடி அரிக்குது.”

“டாக்டரம்மாகிட்ட சொன்னியா?”

“சொல்லிட்டேன். ஃபோட்டோவும் அனுப்பிட்டேன். கொசுக்கடியாம்.”

“ஏன்டா உயிரை வாங்கறே!” என்று வைத்தாள். டீயை ஒரு வாய் குடித்தாள். மனசு கேட்கவில்லை. நர்ஸின் நம்பரைத் தேடி எடுத்து அழைத்தாள்.