வலது பக்கம் சிமிட்டவில்லை

இடது பக்க இண்டிகேட்டர் சிமிட்டியது. வலது பக்கம் எரிந்தது, ஆனால் சிமிட்டவில்லை. சுவிட்சைத் திருப்பினால் அணையாமல் அப்படியே நின்று எரிந்தது. இரண்டு பக்கத்துக்கும் சுவிட்ச் ஒன்றுதான், சிமிட்ட வைக்கும் பிளாஷரும் ஒன்றுதான். பின்விளக்குகளுக்குள் பழைய பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி பலகைகளைப் பற்றவைத்தவனும் நான் ஒருவன்தான். காலை எட்டு மணியிலிருந்து வண்டிக்கு அடியில் கிடந்தேன். டெஸ்டரைத் தொட்ட இடத்திலெல்லாம் கரண்ட் வந்தது. எர்த் கம்பியைச் சுரண்டி மறுபடியும் முறுக்கினேன். எல்இடியைத் தலைகீழாக மாட்டியிருந்தால் எரியவே எரியாது. இதுவோ பளிச்சென்று எரிகிறது.

"பத்தரை ஆச்சு கண்ணுச்சாமி. ஒரு மணிக்கு நான் விருதுநகர்ல நிக்கணும்" என்றார் சுகிர்தா அக்கா. மூன்றாவது தடவையாகச் சொல்கிறார். குரலில் கெஞ்சல் இல்லை. அவருடைய தம்பி ராம்குமாரின் அச்சகத்து மிஷின்களுக்கும் நான்தான் வயரிங் பார்க்கிறேன். அதனால் அக்காவுக்கு என் மேலும் ஒரு சந்தேகம். காலையிலிருந்து அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது அவர்களின் அப்பா பலவேசம் முதலாளி எழுபத்தொன்றாம் வருடம் லாரிச் சேசிஸ் ஒன்றின் மேல் கட்டிய வீட்டு வண்டி. உள்ளே கட்டில், ஸ்டவ், தண்ணீர் டிரம், சுவர் நீளத்துக்கு, ஆர்டர் பிடிக்கக் காட்டும் மாதிரிக் காலண்டர் ஆல்பங்களை அடுக்கும் ரேக். ஆடிப் பதினெட்டுக்குப் புது ஆல்பத்தைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு கிளம்பினால், நாக்பூர், இந்தூர் என்று ஆர்டர் பிடித்து, தீபாவளிக்குத்தான் சிவகாசி திரும்புவார். அவர் இறந்தபின் அச்சகம் மகனுக்கு, வண்டி மகளுக்கு என்று ஆனது. பத்து வருடம் அந்த அச்சகத்தின் ஆர்டர் கடிதங்களை எழுதியவர் அக்கா. இந்த வருடம் வேறொரு அச்சகத்தில் பன்னிரண்டு டிசைன் போட்டுச் சொந்தமாக ஆல்பம் வைத்திருக்கிறார். அதைக் கொண்டுபோக இந்த வண்டியை விட்டால் வேறு வழியில்லை.

வண்டி நிற்பதோ தம்பியின் காம்பவுண்டில். ஆடிப் பதினேழுக்குள் விருதுநகர் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, ஓடத் தகுதியான வண்டி என்று எஃப்.சி. வாங்கி வண்டி வெளியே போக வேண்டும். போகாவிட்டால் தம்பி இஷ்டம்போல் உடைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் முன்னால் அப்படி எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. இன்று பதினேழு. ஆமத்தூரில் காயலான்கடை வைத்திருக்கும் கருத்தப்பாண்டி கேஸ் கட்டரோடு லாரியைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார். லாரிப் படியில் உட்கார்ந்து சேவு தின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, டயர் நாலையும் தனியா எடுத்துக்கிடுறீகளா? நல்லா இருக்கு" என்று விசாரித்தார்.

"ஒங்க லாரிக்கு மாட்டிக்கோங்க. அதப் பாத்தா அடுத்து உடைக்க வேண்டியது அதுதான்னு தெரியுது."

எல்இடி எதற்கு என்றால், பழைய வண்டியில் இருப்பது டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது கரண்டே தராது. எல்லா விளக்கும் பேட்டரியைத்தான் உறிஞ்சும். பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு பீடி நெருப்பு மாதிரி மங்கும். போன மாதம் இதைச் சொல்லித்தான் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பினார். ஒரு பல்பு இருபத்தொரு வாட் தின்னும். அதே வெளிச்சத்துக்கு எல்இடி இரண்டு வாட் தின்னும். கணக்கு சரி. வெளிச்சமும் சரி. இப்போது சிமிட்டுவதுதான் தகராறு.

அக்கா வண்டியைச் சுற்றி வந்தார். வலது பக்கம் மிஷின் ரூம் சுவரை ஒட்டி நின்றது. அச்சகத்து ஆட்கள் கை கழுவும் குழாய் அங்கேதான். அந்தக் குழாயையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்தவர், விறுவிறுவென்று ஆபீஸ் வாசலுக்கு நடந்தார். நாளைய பூஜைக்கு முன்கூட்டியே வந்த வெளியூர் ஏஜெண்டுகள் நாலு பேரோடு ராம்குமார் நின்றிருந்தார்.

"வலது பக்கம் மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்? எவனை விட்டுக் கைவைக்கச் சொன்ன?"

"என்ன சொல்ற?"

"ஆள விட்டு வயரக் கடிக்கிற எலின்னு சொல்றேன்."

ஏஜெண்டுகள் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவர் கையிலிருந்த காபி டம்ளரைச் சத்தம் வராமல் ஜன்னல் திட்டில் வைத்தார். ராம்குமாரின் காது சிவந்தது.

"ஆல்பம் எடுக்க வந்தவுக முன்னால என்னையக் களவாணின்னு சொல்லிட்ட. சரி. இனி நீ அக்காவும் இல்ல, நான் தம்பியும் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏலே, வேலை தெரியாத பயலே! ஒன்னால அம்புட்டும் வந்துச்சு. என் மிஷினுக்கும் இனி நீ வர வேண்டாம்."

"அண்ணாச்சி, நான் ஒண்ணும் சொல்லலையே..."

"சொல்லவே வேண்டாம். அந்த ஓட்டை வண்டி என்னைக்கு ஒழுங்கா சிமிட்டுச்சு? அப்பா ஓட்டும்போதே இடது பக்கம் பேய் புடிச்ச மாதிரி அடிக்கும், வலது பக்கம் தூங்கித் தூங்கி அடிக்கும். இப்ப நான் கெடுத்தேனாம்!"

திட்டுக்குள் இருந்த அந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். பழைய பிளாஷருக்குள் இருப்பது ஒரு தகடு. விளக்குக்குப் போகும் கரண்ட் அதைச் சூடாக்கும். சூடானால் வளைந்து தொடர்பை அறுக்கும். ஆறினால் மறுபடி ஒட்டும். சிமிட்டல் என்பது அவ்வளவுதான். கரண்ட் கூடுதலாகப் போனால் வேகமாகச் சூடாகும், வேகமாகச் சிமிட்டும். அப்படியானால் அப்பா காலத்திலேயே இடது பக்கம் ஒரு பல்பு கூடுதலாக எரிந்திருக்க வேண்டும்.

இடது பக்கம் ஓடினேன். ஆள் ஏறும் கதவுக்குக் கீழே, படிக்கு அடியில், ஒரு சின்னக் குமிழ் இருந்தது. காலையிலிருந்து அதை போல்ட்டு மூடி என்றே நினைத்திருந்தேன். வருடா வருடம் ஆல்பம் பூஜைக்கு முன்னால் வண்டி முழுக்கப் பச்சை அடிப்பார்கள். அது கதவுப் பக்கம் மட்டும் வைத்த கூடுதல் இண்டிகேட்டர்; அடித்தவர்கள் விளக்குக் கண்ணாடியின் மேலும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். அக்காவைக் கூப்பிட்டு இண்டிகேட்டரைப் போடச் சொல்லிவிட்டு அதன் மேல் கை வைத்தேன். சுட்டது.

அந்தப் பழைய பல்பும் முன்பக்கத்துப் பல்புமாக இடது பக்கம் தகட்டைச் சூடாக்கிவிடுகின்றன. வலது பக்கம் முன்னால் ஒரே ஒரு பல்பு. பின்னால் என் எல்இடி. தகடு சூடாகப் போதவில்லை. அதனால் வளையவில்லை. வயரில் எந்தக் கோளாறும் இல்லை.

"அக்கா, யாரும் கைவைக்கல" என்றேன். ஏஜெண்டுகளுக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னேன்.

அக்கா ஆபீஸ் வாசலைப் பார்த்தார். ராம்குமார் இவரைப் பார்த்தபடியே நின்றார். தம்பியிடம் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. அக்கா என் பக்கம் திரும்பி, "முதல்ல சிமிட்ட வை" என்றார்.

கழற்றிப் போட்டிருந்த பழைய பல்பையும் ஹோல்டரையும் தேடி எடுத்தேன். இருபத்தொரு வாட் பல்பு விடாமல் எரிந்தால் காகிதத்தைப் பொசுக்கிவிடும் என்பதால் ஆல்பம் ரேக் பக்கமே போகாமல், வெளியே சேசிஸ் இரும்பில் ஒரு பால்பவுடர் டப்பாவை முடுக்கி, அதற்குள் வைத்தேன். வலது இண்டிகேட்டர் கம்பியிலிருந்து ஒரு துண்டு வயர், டப்பாவிலிருந்து எர்த்துக்கு இன்னொன்று. பத்து நிமிட வேலை. சுவிட்சைப் போட்டதும் வலது பக்கம் சிமிட்டியது.

"கருத்தப்பாண்டி அண்ணே, சேவுப் பொட்டலத்த மடிச்சு வைங்க" என்று அக்கா வண்டியில் ஏறினார்.

ராம்குமார் ஆட்களைக் கூப்பிட்டு, வண்டி நின்ற இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். கேட்டருகே வண்டி நின்றது. விருதுநகர் ரோட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். தம்பியைத் தாண்டி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வழியில மறுபடி நின்னு எரிஞ்சா என்ன செய்ய?"

"டப்பாக்குள்ள இருக்க பல்பு பீஸ் போயிருக்கும்க்கா. இருபத்தொரு வாட் பழைய பல்பு ஒண்ணு வாங்கி மாட்டுங்க. அது உள்ள எரிஞ்சாத்தான் வெளிய சிமிட்டும்."