திடீர் சோதனைக்கு நல்ல நேரம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தில்லையம்பலத்தாரின் கொம்பனி வழியாக வராமல் லண்டன் டூட்டிங் கடைகளுக்குப் பனங்கிழங்கு ஒடியல்மா வந்ததில்லை. மனேஜிங் டிரெக்டர் என்று அட்டையெல்லாம் அடித்து வைத்திருந்தார். ஆனால் மனிசன் ராகுகாலம் பார்க்காமல் தும்மவும் மாட்டார். லொறி இறக்க நேரம், ஆள் எடுக்க நேரம், ஆளை நிறுத்தவும் நேரம். அது அவர் பாடு என்று ஊர் விட்டிருக்கும். சாமான் அடுக்கிவைக்கும் ஸ்ரோரில் கணக்குக் குறையத் தொடங்கியதும் அது வத்சலாவின் பாடாயிற்று.

வத்சலா ஸ்ரோர்க் கணக்கு எழுதுகிறவள். மாதாமாதம் தகரத்தில் அடைத்த மீன் ரின் பெட்டி பெட்டியாகக் குறைந்தது. ஸ்ரோருக்குப் பொறுப்பு முதலாளி மனைவியின் தம்பி அம்பலவாணன்.

"சாமான் எங்கயும் போகேல்லை அத்தான். வத்சலாப் பிள்ளைக்குத்தான் கணக்கு ஏலாது."

அத்தான் நம்பினார். "பிள்ளை, இந்த மாதமும் குறைஞ்சால் நீர் வேற இடம் பார்க்கவேண்டி வரும்" என்றார். அதையும் நல்ல நேரம் பார்த்துத்தான் சொன்னார்.

திடீர் சோதனை வையுங்கள் என்று கணக்குப் பார்க்க வந்த ஓடிற்றர் போன வருடமே சொல்லியிருந்தார். தில்லையம்பலத்தாரும் வைத்தார், பஞ்சாங்கம் பார்த்து. அவர் பொங்கலுக்கு எல்லாருக்கும் கொடுத்த, ராகுகாலம் போட்ட கலண்டர்தான் ஸ்ரோர்ச் சுவரிலும் தொங்கியது. ராகுகாலத்தில் முதலாளி அந்தப் பக்கம் தலைகாட்டமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். பொதி கட்டுகிற பியற்றிஸ் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரி. அவளுக்கே ஏழு நாள் ராகுகாலமும் மனப்பாடம்.

"செவ்வாய்க்கிழமை மூண்டு மணியெண்டால் எங்கட பொறுப்பாளர் எங்கள் எல்லாரையும் தேத்தண்ணி குடிக்க அனுப்பிப்போடுறார், அக்கா. என்ன பாசமோ!" என்று அவள் கண்ணைச் சிமிட்டினாள்.

வத்சலாவுக்கு விளங்கியது. ஆனால் முதலாளியிடம் அவருடைய மச்சானைப் பற்றி வாயால் சொன்னால் எடுபடுமா? முதலாளி கண்ணாலேயே பார்க்கவேண்டும்.

"அண்ணை, செவ்வாய் மூண்டு மணிக்கு ஒருக்கா ஸ்ரோருக்கு வாங்கோவன்."

"ராகுகாலத்திலயோ? உமக்கென்ன விசரே?"

அடுத்த ஞாயிறு வத்சலா கோயிலுக்குப் போனாள். அம்மனுக்கு ஒரு கும்பிடு, ஐயரிடம் ஒரு கேள்வி.

"கலண்டர் எங்கட ஊர்ச் சூரியனுக்குப் போட்டது, பிள்ளை" என்றார் ஐயர். "இஞ்சை ஆனி மாதத்தில பொழுதுபட ஒன்பது மணி தாண்டும். ராகுவும் தள்ளித்தான் வருவார். செவ்வாயில பின்னேரம் அஞ்சுக்குப் பிறகு."

"இதை எங்கட முதலாளி அண்ணைக்கும் ஒருக்கால் சொல்லுவீங்களோ?"

ஐயர் சொன்னார். தில்லையம்பலத்தாரின் முகம் வெளிறிவிட்டது. இத்தனை வருடமும் பிழையான நேரத்துக்கல்லவா பயந்திருக்கிறார்! போதாததற்கு, உண்மையான ராகுகாலத்தில் எத்தனை லொறி இறக்கினாரோ!

செவ்வாய் மூன்று மணிக்கு வத்சலாவையும் கூட்டிக்கொண்டு ஸ்ரோர்க் கதவைத் தள்ளினார். பின்வாசலில் அம்பலவாணனின் வான் பின்கதவு திறந்து வாயைப் பிளந்தபடி நின்றது. தோளில் மீன் ரின் பெட்டியோடு அம்பலவாணன்.

"அத்தான்! இப்ப ராகுகாலமெல்லோ!"

"அது ஊரில, தம்பி."

அம்பலவாணன் அன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டான். முதலாளி வீட்டு அடுப்பு அந்தக் கிழமை முழுக்க எரியவில்லையாம். மனிசன் கடையில் கொத்துரொட்டி வாங்கித் தின்றதைக் கண்டவர்கள் உண்டு. "பிள்ளையின்ர கணக்கு சரி" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். வத்சலாவின் வேலை தப்பியது.

அடுத்த மாதம் தில்லையம்பலத்தார் பூரிப்போடு ஒரு கட்டுடன் வந்தார். மாதத்துக்கு மாதம் மாறும் லண்டன் ராகுகாலம், அவருடைய படத்துடன், புதுக் கலண்டராக. ஆளுக்கொன்று கொடுத்தார்.

பியற்றிஸ் புரட்டிப் பார்த்தாள். "அக்கா, ஆவணியில செவ்வாய்க்கு நாலரை போல."

வத்சலா வாய் திறக்குமுன் ஸ்ரோருக்குள் டக் டக் என்று சத்தம். நல்ல நேரத்தில் அன்று காலை வேலைக்குச் சேர்ந்த புதுப் பொறுப்பாளர், முதலாளி மனைவியின் கடைசித் தம்பி, சுவரில் கலண்டருக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.