வாத்து கழற்ற மறந்த சால்வை

நாடகத்தால் மனசு சரியாகும் என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்கள் விடுதியில் மனசு சரியில்லாதவர்களுக்காக நடக்கும் நாடகத்துக்கும் காப்பாளர் விரட்டியதால்தான் போனேன். இரண்டு மாதமாக வகுப்புப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள் நான். படிப்பை விட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் என்று பையைக்கூடக் கட்டி வைத்திருந்தேன். அப்பாவிடம் சொல்லும் தைரியம் மட்டும் வரவில்லை.

டேபிள் டென்னிஸ் அறையில்தான் நாடகம். நடத்துகிறவரை எல்லோரும் அக்கா என்போம். அவருக்கு ஒரே ஒரு சட்டம்: வேறு ஆளாக நடிப்பவர் பழுப்புச் சால்வையைப் போட்டுக்கொள்ள வேண்டும், முடிந்ததும் அதை உதறி மடித்துவிட்டு, "இப்ப நான் நான்தான்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பாத்திரம் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிடுமாம். நல்ல கூத்து என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று என் முறை: படிப்பை விடப்போவதை அப்பாவிடம் சொல்வதுபோல் நடித்துப் பார்க்க வேண்டும். அப்பாவாக நடிக்க வாத்து எழுந்தாள். என் அறைத்தோழி; வாத்து என்பது அவள் நடையால் வந்த பெயர்.

"உங்கப்பா எப்டி பேசுவாரு?" என்று கேட்டாள்.

"கத்துவாரு. தொலைச்சிக் கட்டிருவாரு."

வாத்து கத்தினாள். "உன்னப் படிக்க வெச்சதே தண்டம்! எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வந்து நிக்கிற?" நான் பதில் சொல்வதற்குள் பந்து விளையாட வந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். அவசர அவசரமாக நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் கலைந்தோம்.

கேன்டீனில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள் வாத்து. தோளில் இன்னும் அந்தச் சால்வை. என் தட்டை எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா இது, கோழி கொத்துற மாதிரி? ஒழுங்கா சாப்பிடும்மா."

கை அப்படியே நின்றது. அது அப்பா பேசுகிற பேச்சு. தினமும் போனில் முதலில் கேட்பது சாப்பாட்டைத்தான். லாரி ஓட்டுகிற மனுஷன், எங்கேயோ சாலையோரத்தில் நிறுத்திவிட்டுக் கேட்பார். யோசித்துப் பார்த்தால் அவர் என்னிடம் ஒருநாளும் கத்தியதில்லை. கத்திய அப்பாவை நானேதான் மண்டைக்குள் உட்கார வைத்துத் தீனி போட்டு வளர்த்திருந்தேன்.

"அப்பா," என்றேன் வாத்தைப் பார்த்து. "என்னால முடியலப்பா. நான் கிளாஸுக்கே போறதில்ல."

பக்கத்து மேஜை திரும்பிப் பார்த்தது. வாத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. தோளைத் தொட்டுப் பார்த்து, "ஐயோ, கழட்டவே இல்லடி!" என்று சால்வையை உருவினாள். "இப்ப நான் நான்தான், நான் நான்தான்!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இவ்வளவு பேர் முன்னால் வாயிலிருந்து வந்துவிட்டது, இனி என்ன பயம்? அந்தச் சூட்டோடு போனை எடுத்தேன். வாத்து எழுந்து போகவில்லை. என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா எடுத்தார். வாத்திடம் சொன்னதையே ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். எதிர்முனையில் இன்ஜின் அணைகிற சத்தம் கேட்டது.

"சாப்டியாம்மா?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"இன்னும் இல்லப்பா."

"மொதல்ல சாப்பிடு. சரக்க எறக்கிட்டு நேரா அங்க வரேன். வரட்டுமா?"

"வாங்கப்பா," என்று சொல்லிவிட்டுத் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.